உழைப்புச் சோர்வு: எதற்கு யாரிடம் போக வேண்டும்?

நட்ட இருபதாம் நாள் நெற்பயிர் மஞ்சளித்து நின்றால், அனுபவமுள்ள விவசாயி உடனே யூரியா மூட்டையை அவிழ்ப்பதில்லை. முதலில் வயலில் இறங்கிப் பார்க்கிறார். அடி இலைகள் நுனியிலிருந்து மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறை. இலைகளில் துருப்பிடித்தாற்போல் பழுப்புப் புள்ளிகள் விழுந்து பயிர் குட்டையாக நின்றால் துத்தநாகக் குறை. நடுக்குருத்து மட்டும் காய்ந்து, இழுத்தால் கையோடு வந்தால் குருத்துப்பூச்சி. தண்ணீர் வடியாமல் வேர் அழுகினாலும் பயிர் மஞ்சளிக்கும். நான்குக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. காரணம் அறியாமல் உரம் போட்டால் பணமும் போகும், பயிரும் தேறாது.

மனிதருக்கு வரும் தீராத அசதியும் இது போன்றதே. வெளியே தெரியும் அடையாளம் ஒன்றுதான். அடியில் இருக்கும் காரணங்கள் பல. காரணத்துக்கு ஏற்ற ஆளிடம் போனால்தான் குணம் கிடைக்கும்.

மூன்று ஏக்கர் கிணற்றுப் பாசன நிலமும் இரண்டு கறவை மாடுகளும் வைத்திருக்கும் 45 வயது விவசாயி ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். விடியற்காலை நான்கரை மணிக்குப் பால் கறக்க எழுகிறார். இரவில் காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்கிறார். இரண்டு போகமாக நிலக்கடலைக்கு விலை கிடைக்கவில்லை. கூட்டுறவுச் சங்கக் கடன் கெடு தாண்டிவிட்டது. ஆறு மாதமாக அவருக்கு எதிலும் ஊக்கமில்லை. களை எடுக்கும் பருவம் தவறியது. மாட்டுக்குச் சினை ஊசி போடும் நாளும் தவறியது. வீட்டில் சிறு சொல்லுக்கும் கோபம் வருகிறது. ஒருவர் சொல்லக் கேட்டு குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டார். மற்றொருவர் சொல்லக் கேட்டு மந்திரித்துக் கயிறு கட்டினார். மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டும் பார்த்தார். பணம் செலவானது; அசதி போகவில்லை. இவர் போக வேண்டிய இடம் எது?

உழைப்புச் சோர்வு என்பது என்ன?

நாள் முழுதும் நாற்றுப் பறித்தவருக்கு இரவில் வரும் அசதி இயல்பானது. நன்றாகத் தூங்கி எழுந்தால் அது போய்விடும். மாதக்கணக்கில் ஓய்வின்றி உழைத்தும், கவலையைச் சுமந்தும் வருபவருக்கு, தூங்கி எழுந்தாலும் போகாத ஒரு சோர்வு வருவது உண்டு. இதை ஆங்கிலத்தில் 'பர்ன்அவுட்' என்கிறார்கள். 1974-ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் இதைப் பற்றி எழுதினார். 2019-இல் உலக சுகாதார நிறுவனம் இதைத் தனி நோயாக அல்லாமல், வேலையிலிருந்து எழும் ஒரு நிலையாகத் தன் பட்டியலில் குறிப்பிட்டது. அதற்கு மூன்று அடையாளங்கள் கூறப்பட்டுள்ளன.

ஒன்று, உடலிலும் மனத்திலும் சக்தி வற்றிப்போதல். இரண்டு, செய்யும் தொழிலின் மீதே வெறுப்பும் ஒட்டாத்தன்மையும் ஏற்படுதல். மூன்று, முன்பு எளிதாகச் செய்த வேலையைக்கூடச் சரியாகச் செய்ய முடியாமல் போதல். "காட்டுப் பக்கம் போகவே பிடிக்கல" என்று ஒரு விவசாயி தொடர்ந்து சொன்னால் அது சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

முதலில் உடம்பைச் சோதிக்க வேண்டும்

தீராத அசதிக்கு முதலில் போக வேண்டிய இடம் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம். மனக் கவலைதான் காரணம் என்று உறுதியாகத் தோன்றினாலும் இந்தப் படியைத் தாண்டக் கூடாது. இரத்தசோகை, சர்க்கரை நோய், தைராய்டு சுரப்பிக் குறைவு, வைட்டமின் பி-12 குறைவு ஆகிய நான்கும் அசதியாகவே தொடங்கக்கூடும். இவற்றை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சுகாதார நிலையத்தில் செய்ய முடியாத பரிசோதனைக்கு அங்குள்ள மருத்துவரே அரசு மருத்துவமனைக்கு எழுதித் தருவார்.

மருந்து தெளிக்கும் பருவத்தில் தலைவலி, குமட்டல், வியர்வை, கை கால் தளர்ச்சி ஆகியவை வந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சில பூச்சிமருந்துகள் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் சேர்ந்து நரம்புகளைப் பாதிக்கும். தெளித்த மருந்தின் பெயர் நினைவில் இல்லாவிட்டால் பெயர்ச் சீட்டை எழுதியோ படம் எடுத்தோ கொண்டு போகலாம். இந்த ஒரு விவரம் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

பெண்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள். மாட்டுத் தொழுவம், சமையல், களையெடுப்பு, பிள்ளைகள் என்று நான்கு வேலைகளைச் சுமக்கும் பெண்ணின் அசதியை, "எல்லாருக்கும் இருக்கறதுதானே" என்று வீட்டார் தள்ளிவிடுவது வழக்கமாக இருக்கிறது. அந்த அசதிக்குப் பின்னால் இரும்புச்சத்துக் குறையும் இருக்கலாம், மனச்சோர்வும் இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு.

உழைப்புச் சோர்வா, மனச்சோர்வு நோயா?

உடம்பில் குறை இல்லை என்று தெரிந்தபின் அடுத்த கேள்வி இது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் உதவி வேறு. பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. வேலையை விட்டு இரண்டு மூன்று நாள் விலகியிருக்கும்போது மனம் எப்படி இருக்கிறது என்று கவனிக்க வேண்டும். உறவினர் வீட்டுக்கோ திருவிழாவுக்கோ போனபோது மனம் தெளிந்து, சாப்பாடு ருசித்து, நல்ல தூக்கம் வந்தால் அது பெரும்பாலும் உழைப்புச் சோர்வு. எங்கே போனாலும் அந்தச் சுமை கூடவே வந்தால் மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும்.

கீழ்க்கண்ட குறிகளில் பல, இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக நாள் முழுதும் இருந்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

1. தீராத துக்கம், அல்லது எதிலும் நாட்டமின்மை.

2. விடியும் முன்பே விழிப்பு வந்து தூக்கம் கெடுதல், அல்லது அளவுக்கு மீறித் தூங்குதல்.

3. பசியின்மை, உடல் இளைத்தல்.

4. எதையும் முடிவு செய்ய இயலாமை, மறதி.

5. "எல்லாம் என்னால்தான் கெட்டது" என்ற குற்ற உணர்ச்சி.

6. வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம்.

ஆறாவது குறி ஒன்று மட்டும் இருந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. இது பற்றிக் கீழே தனியாகக் கூறப்பட்டுள்ளது.

யார் என்ன செய்வார்?

மனநலத்துக்கு உதவுபவர் எல்லாரும் ஒரே வேலையைச் செய்பவர்கள் அல்லர். கால்நடை மருத்துவரின் வேலை வேறு, செயற்கை முறைக் கருவூட்டல் செய்பவரின் வேலை வேறு என்பதை விவசாயிகள் அறிவார்கள். இங்கும் அப்படியே.

மனநல மருத்துவர்: எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்பின் மனநல மருத்துவத்தில் எம்.டி. அல்லது டி.பி.எம். போன்ற பட்டம் பெற்றவர். நோயைக் கண்டறிவதும் மருந்து எழுதுவதும் இவர் பணி. தூக்கமும் பசியும் கெட்டு, அன்றாட வேலை நின்றுபோன நிலையில் முதலில் பார்க்க வேண்டியவர் இவரே. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும், குறிப்பிட்ட நாட்களில் வட்ட மருத்துவமனைகளிலும் இவரைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். எந்த நாளில் வருகிறார் என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம்.

மருத்துவ உளவியலாளர்: இவர் மருந்து எழுதுவதில்லை. பேச்சின் மூலம் சிகிச்சை அளிப்பவர். கவலை ஓடும் வழியை மாற்றவும், வேலையைப் பகுத்துக்கொள்ளவும், கோபத்தை அடக்கவும் பயிற்சி தருவார். உழைப்புச் சோர்வுக்கும் கடுமையில்லாத மனச்சோர்வுக்கும் இவர் உதவி மிகவும் ஏற்றது. ஒரே நாளில் முடியாது. பொதுவாக வாரம் ஒரு முறை வீதம் ஆறு முதல் பன்னிரண்டு முறை போக வேண்டியிருக்கும். இவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மனநல சமூகப் பணியாளர்: குடும்பத்தாருடன் பேசுவது, அரசு உதவிகளுக்கு வழி காட்டுவது, சிகிச்சை இடையில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது இவர் பணி. வீட்டுச் சச்சரவும் சோர்வும் பின்னிக் கிடக்கும் இடத்தில் இவரைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஆலோசகர்: இந்தப் பெயரில் பயிற்சி பெற்றவரும் இருக்கிறார், பயிற்சி பெறாதவரும் பலகை மாட்டியிருக்கிறார். என்ன படிப்பு, எங்கே பயிற்சி, எத்தனை முறை வர வேண்டும், ஒரு முறைக்கு என்ன கட்டணம் என்ற நான்கு கேள்விகளையும் முதலிலேயே கேட்க வேண்டும். விதை வாங்கும்போது சான்று அட்டையைப் பார்ப்பது போன்றது இது. நேர்மையானவர் இக்கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார். மருத்துவர் தரும் மருந்தை நிறுத்தச் சொல்பவரிடமும், "பத்து நாளில் பூரண குணம்" என்று உறுதி கூறி மொத்தப் பணத்தையும் முன்னதாகக் கேட்பவரிடமும் போகாமலிருப்பதே நல்லது.

தொலைபேசி உதவி: மத்திய அரசின் டெலிமானஸ் சேவை 2022 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கப்பட்டது. எண் 14416. இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் கட்டணமின்றிப் பேசலாம். யாரிடம் போவது என்று குழம்பும் நிலையில் இந்த எண்ணே நல்ல தொடக்கம். நேரில் பார்ப்பது தேவையானால் எங்கே போவது என்று அவர்களே சொல்வார்கள். தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

கோயிலுக்குப் போவதும், மனம் விட்டு நண்பரிடம் பேசுவதும் ஆறுதல் தரும். அதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் அது சிகிச்சைக்குத் துணையாக இருக்கலாமே தவிர, சிகிச்சைக்குப் பதிலாக ஆகாது.

வேர் கடனிலும் வேலைப்பளுவிலும் இருந்தால்

உழைப்புச் சோர்வு வேலையிலிருந்து வருவது. ஆகவே வேலையின் சுமை குறையாமல் பேச்சும் மாத்திரையும் மட்டும் முழுப் பலன் தரமாட்டா. இங்கே தேவைப்படும் தொழில் வல்லுநர் மருத்துவராக இல்லாமலும் இருக்கலாம்.

கடன் கெடு தாண்டியிருந்தால் ஒளிந்து நடப்பது சுமையைக் கூட்டும். சங்கச் செயலாளரையோ வங்கி மேலாளரையோ நேரில் பார்த்து, மகசூல் இழப்பைச் சொல்லி, தவணையை மாற்றியமைக்க வழியுண்டா என்று எழுத்து மூலம் கேட்க வேண்டும். மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்கி வைக்க வேண்டும். தனியாரிடம் வாங்கிய கடனுக்கு மிதமிஞ்சிய வட்டி கேட்டு மிரட்டினால், அதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வட்டச் சட்டப் பணிகள் குழுவில் இலவசச் சட்ட உதவி கோரலாம். அதற்கான தொலைபேசி எண் 15100.

வேலைப்பளுவுக்கு வேளாண்மை உதவி அலுவலரிடம் ஆலோசனை கேட்கலாம். ஆள் தேவை குறைந்த பயிருக்கு மாறுவது, வேளாண்மைப் பொறியியல் துறையிலிருந்து வாடகைக்கு இயந்திரம் எடுப்பது, ஒரு பகுதி நிலத்தை ஒரு பருவம் தரிசாக விட்டு மூச்சு வாங்கிக்கொள்வது ஆகியவை கணக்குப் பார்த்துச் செய்யத்தக்கவை. அடுத்தடுத்த காட்டுக்காரர்கள் நான்கு பேர் முறை வைத்துக் காவல் இருந்தால், ஒவ்வொருவருக்கும் நான்கில் மூன்று இரவு முழுத் தூக்கம் கிடைக்கும். தூக்கத்துக்கு இணையான டானிக் கடையில் கிடைப்பதில்லை.

மதுப் பழக்கம் சேர்ந்திருந்தால்

அசதிக்காகவும் தூக்கத்துக்காகவும் குடிக்கத் தொடங்கியவர்களுக்குச் சில மாதங்களில் மதுவே சோர்வின் காரணமாகிவிடும். மது தூக்கத்தைக் கெடுக்கும், மனச்சோர்வை அதிகமாக்கும். நாள்தோறும் நிறையக் குடித்தவர் வீம்பாக ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஏற்படலாம். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இதற்குச் சிகிச்சை தரப்படுகிறது.

போகும் முன்பும் போன பின்பும்

மருத்துவரிடம் சொல்ல வேண்டியதை முதல் நாளே ஒரு தாளில் குறித்துக்கொள்வது நல்லது. எத்தனை மாதமாக அசதி, எத்தனை மணி நேரத் தூக்கம், பசி எப்படி, எந்தெந்த மாத்திரை சாப்பிடுகிறார், மது உண்டா, கடன் தொல்லை உண்டா என்ற ஆறு விவரங்கள் போதும். கடனைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு மருத்துவமனைகளில் மனநலச் சிகிச்சை பெறும் உரிமையை எல்லாருக்கும் அளிக்கிறது. நோயாளி சொன்னதை வெளியிடாமல் காக்கவும் அதே சட்டம் கட்டளையிடுகிறது. ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சி நோயை வளர்க்க வேண்டியதில்லை.

மனச்சோர்வுக்குத் தரும் மருந்துகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் சில நாட்களில் வயிற்றுப் பிரட்டலோ வாய் வறட்சியோ இருக்கலாம். "மூணு நாள் சாப்பிட்டேன், ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்திவிடுவது, தெளித்த மறுநாளே பலனில்லை என்று மருந்தை மாற்றுவது போன்றது. குணம் தெரிந்த பிறகும் மருத்துவர் சொல்லும் காலம் வரை, பெரும்பாலும் ஆறு மாதத்துக்குக் குறையாமல், சாப்பிட வேண்டும். இவை பழக்கமாகிவிடும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. பழக்கமாகக்கூடியவை சீட்டு இல்லாமல் கடையில் வாங்கும் சில வகைத் தூக்க மாத்திரைகள்தான். அவற்றைத் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. ஏற்கெனவே பல நாள் சாப்பிட்டு வருபவர் மருத்துவரைக் கேட்டே குறைக்க வேண்டும்.

பேச்சுச் சிகிச்சையில் நான்கைந்து முறை போனபின் தூக்கம், கோபம், வேலையில் நாட்டம் ஆகிய மூன்றிலும் சிறு மாற்றமும் இல்லையென்றால், அதை அவரிடமே சொல்ல வேண்டும். முறையை மாற்றுவதோ வேறொருவரிடம் அனுப்புவதோ அவர் கடமை. ஒருவரிடம் பலனில்லை என்பதால் சிகிச்சையே வீண் என்று முடிவு கட்டக் கூடாது.

சோர்ந்தவர் தாமாகக் கிளம்புவது அரிது. வீட்டார்தான் பேச்சை எடுக்க வேண்டும். "உங்களுக்கு என்ன கேடு, எந்திரிச்சு வேலையப் பாருங்க" என்பது கதவைச் சாத்திவிடும். "பத்து நாளா நீங்க சரியாத் தூங்கலீங்க. நாளைக்கு நானும் வர்றேன், ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துரலாம்" என்று மனைவி சொன்னால் அவர் கிளம்புவது எளிது. கண்ணால் கண்டதைச் சொல்வதும், துணைக்கு வருவதாகச் சொல்வதும்தான் இதில் முக்கியம்.

காத்திருக்கக் கூடாத நிலை

"நான் இல்லாமப் போனாத்தான் எல்லாருக்கும் நல்லது" என்பது போன்ற பேச்சு, காரணமின்றி எல்லாரிடமும் விடைபெறுவது போல நடப்பது, ஆசையாக வளர்த்த கன்றையோ பொருளையோ திடீரென்று கொடுத்துவிடுவது ஆகியவை கடுமையான எச்சரிக்கைகள். இந்த நிலையில் "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மாறாக, சொல்ல முடியாமல் தவித்தவருக்கு வாய் திறக்க வழி கிடைக்கும். அவரைத் தனியே விடக் கூடாது. 14416-ஐ உடனே அழைக்க வேண்டும். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் 108-ஐ அழைக்க வேண்டும். போலீஸ் வழக்கு வரும் என்று பயந்து ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

பூச்சிமருந்துகளை எந்த நாளிலும் வீட்டுக்குள் வைக்காமல், வெளியே பூட்டி, சாவியை நம்பிக்கையான மற்றொருவரிடம் கொடுத்து வைப்பது உயிர் காக்கும் வழக்கம். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டத்தில், ஊர்ப் பொது இடத்தில் விவசாயிகளின் மருந்துகளைப் பூட்டுப் பெட்டிகளில் வைக்கும் முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. விவசாயிகள் அதை ஏற்று நடத்தியதாக 2013-இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. தேவைக்கு மேல் மருந்து வாங்கி இருப்பு வைக்காமலிருப்பதும் நல்லது.

எடுத்துக்காட்டு விவசாயி செய்ய வேண்டியது

மேலே சொன்ன விவசாயி முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அங்கே குறையொன்றும் தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். தங்கை மகள் கல்யாணத்துக்குப் போன இரண்டு நாளும்கூட அவருக்கு மனம் தெளியவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று மனைவி நினைவுகூர்ந்தால், அந்த ஒரு விவரமே அவரை மனநல மருத்துவரிடம் அனுப்பப் போதுமானது. அதே வாரத்தில் கூட்டுறவுச் சங்கத்துக்கு மனு எழுத வேண்டும். காவலுக்கு அண்டைக் காட்டுக்காரருடன் முறை பேச வேண்டும். சினை ஊசிக்கு அடுத்த பருவ நாளைக் குறித்து வைக்க மகனிடம் சொல்லலாம்.

மாறாக, கல்யாண வீட்டில் அவர் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி, ஊர் திரும்பும் வழியில் காடு கண்ணில் பட்டதும் முகம் வாடியிருந்தால், மருந்தைவிட முதலில் வேண்டியது பேச்சுச் சிகிச்சையும் சுமைக் குறைப்பும் ஆகும்.

ஒரே அசதி, வழி இரண்டு. இரண்டிலும் முதல் படி ஆரம்ப சுகாதார நிலையம். அதற்குப் பிறகு குறிகளைப் பார்த்து ஆளைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மாட்டுக்குத் தீவனம் எடுக்காவிட்டால் அன்று மாலையே கால்நடை மருத்துவரைத் தேடும் விவசாயி, தமக்குச் சோறு இறங்காவிட்டாலும் அதே அக்கறை காட்டுவது அவசியம்.